எட்டாம் பக்கம், ஒன்பதாம் பக்கம்

அக்டோபர் 25, சனி

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி நேற்றிலிருந்து அப்படியே. ஆபீஸ் லீவு, ஆனால் லீவு மாதிரி இல்லை. அப்பாவின் நினைவு மலரை இன்றைக்காவது தொடங்கியாக வேண்டும்.

அப்பா போய் ஐப்பசி பௌர்ணமியோடு ஒரு வருஷம். முதல் வருஷத் திதி நவம்பர் 5, புதன்கிழமை, அண்ணன் வீட்டில். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்றது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பாக்கி வேலை:
– அப்பா போட்டோ ஸ்கேன் (காக்கி யூனிஃபார்மில், தோளில் பையோடு)
– அம்மா போட்டோ. கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். வேறு கிடையாது
– அண்ணன் எழுதித் தந்தது. அரைத்தாள். கோழிக் கிறுக்கல்
– தம்பி எழுதுவது. இன்னும் வரவில்லை
– கத்தரிக்காய், பால், இட்லி மாவு

மதியம் அண்ணன் போன்.

"புக்கு போட வேணான்னு நான் சொல்லல பாப்பா. ஆனா அவன் பக்கமும் என் பக்கமும் எதிரும் புதிருமா வரக்கூடாது. தொறந்தா அவன் மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒண்ணா தெரிஞ்சிச்சு, அந்த புக்கு என் வூட்டு வாசப்படி தாண்டாது. திதியும் நான் தனியா எங்கனா ஏரிக்கரைல குடுத்துக்கறேன். சொல்லிட்டேன்."

அவன் என்றால் தம்பி. பெயரை அண்ணன் ஒரு வருஷமாகச் சொல்வதில்லை.

சரிண்ணா என்றேன்.

போன வருஷம் இதே பௌர்ணமி. விடியற்காலை அப்பா போனார். சுடுகாடு கிரிவலப் பாதையில். பகல் இரண்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள், அப்புறம் கிரிவலக் கூட்டம் இறங்கிவிடும், வண்டி விடமாட்டோம், இல்லையென்றால் நாளைக்குத்தான் என்றது போலீஸ். தம்பி பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். செங்கம் தாண்டி, ஊருக்கு வெளியே அத்தியந்தல் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. அண்ணன் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுக்கச் சொன்னார். தம்பி நேராகச் சுடுகாட்டுக்கு ஓடி வந்தபோது தீ வைத்தாகிவிட்டது. அப்பா முகத்தை அவன் பார்க்கவில்லை. எல்லோர் எதிரிலும் அண்ணனைப் பார்த்து, "நீ எனக்கு அண்ணனே இல்ல" என்றான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

புதன்கிழமை இருவரும் ஒரே இலை முன்னால் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். என் கவலை அது ஒன்றுதான். புத்தகம் அதைக் கெடுத்துவிடக் கூடாது.

மாவு மறந்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை விட்டது. மலை தெளிவாக.

தம்பி எழுதியது வாட்ஸப்பில் வந்தது. கூடவே போன்.

"ஒரு வார்த்த மாத்தாதக்கா. அவர் படிச்சிட்டு வெட்டச் சொன்னா வெட்டிடுவ நீ. வெட்டுனேன்னு வெச்சுக்க, நான் வரமாட்டேன்."

"எதுக்குடா வெட்டப் போறேன்?"

"கடைசில தூக்கிப் போட்டுடாத. அவருக்கு அடுத்தாப்ல எனக்கு வரணும். நானும் புள்ளதான்."

ஆக, ஒருவருக்கு எதிரில் வரக்கூடாது. இன்னொருவருக்கு அடுத்து வந்தாக வேண்டும். கலெக்டரே வந்தாலும் இந்தப் பஞ்சாயத்து தீராது.

இரண்டையும் டைப் அடித்தேன். மேலே அவரவர் போட்டோவையும் வைத்தேன்.

அப்பா முப்பது வருஷம் கண்டக்டர். இரண்டு பேரும் அவர் விசிலைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். பேசி வைத்துக்கொண்டு எழுதியது போல.

தம்பி: "என் அப்பா ஓடி வருகிறவனை விட்டுவிட்டு விசில் கொடுத்ததே இல்லை. படியில் நின்று ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டிருப்பார், பிடித்து ஏற்றிக்கொள்ள."

அண்ணன்: "அப்பா என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சில நாள் ஓடி வருகிறவனைப் பார்த்துக்கொண்டேதான் விசில் கொடுத்தேன், பின்னால் அத்தனை வண்டி ஹாரன் அடித்தது, அந்த விசில் ராத்திரி தூங்கும்வரை காதிலேயே இருந்தது என்று."

தனித்தனியாகப் படித்தால் மகன் அப்பாவைப் பற்றி எழுதியது. பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தால் சுடுகாட்டில் விட்ட சண்டையின் மிச்சம். யாரும் அப்படிப் படித்துவிடக் கூடாது. முக்கியமாக இவர்கள் இரண்டு பேரும்.

சாயங்காலம் முழுக்கப் பக்கம் அமைத்தேன். திரையின் அடியில் வலது மூலையில் மூன்று சின்னப் பொத்தான் உண்டு. முதலாவது ஒரே பக்கம் காட்டும், ஆபீஸில் அதுதான் எப்போதும். இரண்டாவதை அமுக்கினால் இரண்டிரண்டு பக்கமாகச் சேர்ந்து தெரியும். 1, 2 ஒரு வரிசை. 3, 4 அதன்கீழ். அப்படியே போகும். புத்தகத்தைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது எதற்கென்று தெரியாது. இரண்டாவதே போதும்.

பக். 7 அப்பா படம். பக். 8 அண்ணன்.
பக். 9 தம்பி. பக். 10 அம்மா படம்.

திரையில் அண்ணனுக்கு எதிரில் அப்பா. கீழ் வரிசையில் தம்பிக்கு எதிரில் அம்மா. எண்படி அண்ணனுக்கு அடுத்தவன் தம்பி, ஆனால் எதிரெதிர் இல்லை. இரண்டு பேர் சொன்னதும் நடந்தது. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மச்சான் தங்கச்சியா, கொக்கா" என்றார். அண்ணனை மச்சான் என்று கூப்பிடும் ஒரே ஆள்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆபீஸில் இன்று முழுக்க மனு. தலைவலி.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வேங்கிக்கால் பக்கம் வேலையாக வந்தேன் என்றார். பார்க்கத்தான் வந்திருக்கிறார், தெரியும். காபி குடிக்கவில்லை.

"எங்க, காட்டு."

இரண்டாவது பொத்தானை அமுக்கிக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். தம்பி பக்கத்தின் எழுத்து பொடிப்பொடியாக, படிக்க முடியாத அளவுக்கு. நல்லவேளை.

"இது அவன்தான?"

"கீழ் வரிசைண்ணா. நடுவுல தாளத் திருப்பணும். நீ அப்பாவுக்கு எதிர்ல இருக்க, நீயே பாரு."

அப்பா படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த யூனிஃபார்ம்ல மேல் பட்டன் எப்பவும் இருக்காது" என்றார். பிறகு, "நிச்சயமா பாப்பா?"

"பதினஞ்சு வருஷமா டைப் அடிக்கிறேன்ண்ணா. எனக்குத் தெரியாதா?"

தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். அப்புறம்தான் காபி ஆறிப்போயிருப்பதைப் பார்த்தேன்.

ராத்திரி தம்பி போன். திதியன்று விடியற்காலைதான் பஸ் ஏறுகிறானாம். "முந்தின நாளே வந்துடுடா, பௌர்ணமி கூட்டம், போன வருஷம் மாதிரி ஆயிடப் போவுது" என்றேன். ஒரு நாள் லீவுதான் கிடைத்ததாம். பிறகு மெதுவாக, "எனக்காக யாரும் நிக்க வேணாம்க்கா. பழக்கந்தான்" என்றான்.



அக்டோபர் 30, வியாழன்

அச்சகத்தில் ஃபைலைக் கொடுத்தாயிற்று. அச்சகக்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை, அன்னதான நோட்டீஸ் என்று தலைக்கு மேல் வேலை. "சனிக்கிழமை ரெடி மேடம்" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அட்டை சந்தன நிறம். மடித்து நடுவில் ஸ்டேப்ளர் பின்.

எள் வாங்கினேன். அண்ணிக்கு வாழைப்பூ வேண்டுமாம்.

மனசு லேசாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து.

நவம்பர் 1, சனி



மூன்று மணிக்கு அச்சகம் போனேன். கட்டு தயார். "அஞ்சாறு புக்க உங்க அண்ணன் வூட்லயே குடுத்துட்டேன் மேடம், ஆஸ்ரமம் பக்கமா ஒரு வேலையா போனேன், உங்களுக்கு அலைச்சல் கம்மி" என்றார். நல்ல மனுஷன். நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தேன். அழகான புத்தகம். நடுவில் திறந்தேன்.

இடது பக்கம் அண்ணன். வலது பக்கம் தம்பி. இரண்டு பேர் போட்டோவும் ஒரே உயரத்தில். எட்டு, ஒன்பது.

வேறொரு பிரதியைத் திறந்தேன். அதுவும். இன்னொன்று. எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் திறந்து திறந்து பார்த்தேன்.

அச்சகத்தின் மேல் தப்பில்லை. அட்டையைத் திருப்பினால் முதல் பக்கம் வலது பக்கம் தனியாக வருகிறது. எதிரில் அட்டையின் உள்பக்கம்தான். அப்புறம் 2, 3 எதிரெதிர். 4, 5. 6, 7. 8, 9. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இப்படித்தான். வீட்டில் இருக்கும் பிள்ளையின் பாடப் புத்தகம், பஞ்சாங்கம், சமையல் குறிப்பு, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றே போல.

திரையில் 1, 2 சேர்ந்து தெரிந்தது. நான் அதையே புத்தகம் என்று நம்பினேன். இப்போது அந்த மூன்றாவது பொத்தானை அமுக்கினேன். திறந்த புத்தகம் மாதிரி ஒரு சின்னப் படம் அதில் இருக்கிறது, இத்தனை நாள் உற்றுப் பார்க்கவில்லை. அமுக்கியதும் முதல் பக்கம் ஒதுங்கி வலதுபக்கம் போய் நின்றது. மற்றதெல்லாம் ஒவ்வொரு இடம் நகர்ந்தது. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

பதினைந்து வருஷ டைப்பிஸ்ட். ஆபீஸில் தாளுக்கு ஒரு பக்கம்தான் அடிப்போம், மேல் மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டுவோம். தாளுக்கு முதுகு உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது.

இப்போது அப்பா அண்ணன் முதுகில் இருக்கிறார், அம்மா தம்பி முதுகில். புத்தகத்தை மூடினால் அண்ணன் முகமும் தம்பி முகமும் ஒட்டிக்கொள்கின்றன.

அந்த அஞ்சாறு புத்தகம் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்யப் பயம்.

நவம்பர் 2, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. அதைக் கவனிக்க ஆளில்லை.

யோசித்த வழிகள்:
1. மறுபடி அச்சடிப்பது. அச்சகம் இன்று பூட்டு. போனில் கேட்டேன், பௌர்ணமி முடிந்துதான் என்றார்.
2. அண்ணன் தாளைக் கிழிப்பது. பின்னால் அப்பா. அப்பாவைக் கிழித்தா திதி கொடுப்பது?
3. தம்பி தாளைக் கிழிப்பது. பின்னால் அம்மா. தம்பியும் வரமாட்டான்.
4. இவர் சொன்னது: எட்டையும் ஒன்பதையும் பசை போட்டு ஒட்டிவிடு. சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. நான் முறைத்த முறைப்பில் எழுந்து போய் மோட்டார் போட்டார்.
5. நடுவில் ஒரு தாள் செருகுவது.

ஐந்தாவதைச் செய்தேன். வெள்ளைத் தாளை அளவாக வெட்டி எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வைத்தேன். மின்விசிறி ஓடியதும் பாதி பறந்து கட்டிலுக்கு அடியில். திதி வீட்டில் ஐம்பது பேர் கைக்குப் போனால் எத்தனை தாள் நிற்கும்?

அதுவும் என்னிடம் இருக்கிற பிரதிகளுக்குத்தான். அண்ணன் வீட்டுக்குப் போனவை போனவைதான்.

அண்ணன் இன்னும் போன் எடுக்கவில்லை. திட்டியாவது இருக்கலாம். திட்டினால் முடிந்துபோகும்.

தம்பியிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

ஆபீஸில் ஒரு மனுவில் தேதியைத் தப்பாக அடித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடியும் தப்பு. என்னாச்சு உனக்கு என்று பக்கத்து சீட்டில் கேட்டார்கள். சளி என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணி போன். தயக்கமான குரல்.

"உங்க அண்ணன் சனிக்கெழம சாயங்காலத்துலேர்ந்து அந்த புக்க வெச்சிக்கினே உக்காந்துகினு இருக்காரு. இன்னான்னு கேட்டா ஒண்ணும் இல்லன்றாரு."

"எந்தப் பக்கம் அண்ணி?"

"நடுவுலதான். போட்டோ ரெண்டும் இருக்குதே, அங்க."

"கோவமா இருக்காரா?"

"தெரியலம்மா. கோவமா இருந்தா சோறு ஜாஸ்தி துன்னுவாரு. ரெண்டு நாளா கம்மியாத்தான் துன்றாரு."

இதற்கு என்ன அர்த்தம்? பஸ்ஸில் வரும்போது முழுக்க இதே யோசனை. நிறுத்தத்தைத் தாண்டி இறங்கித் திரும்ப நடந்தேன்.

புத்தகம் அண்ணன் வீட்டு வாசற்படியைத் தாண்டிவிட்டது. தாண்டாது என்று சொன்னவர் வெளியே எறியவும் இல்லை. சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேயே ஊருக்குள் கூட்டம். ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல், தடுப்புக் கட்டைகள். அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் அண்ணன். கையில் புத்தகம்.

உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"வேணும்னே பண்ணியா?"

"இல்லண்ணா."

"ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சா சரியாப் பூடும்னு நெனச்சியா?"

"சத்தியமா இல்லண்ணா. கம்ப்யூட்டர்ல அப்டித்தான் தெரிஞ்சுது. நீயும் பாத்தியே."

சொல்லும்போதே பொய் மாதிரி எனக்கே கேட்டது. திரையைத் திறந்து இரண்டாவது பொத்தானைக் காட்டினேன். பிறகு மூன்றாவதை. பக்கங்கள் நகர்ந்ததை அண்ணன் பார்த்தார். "மறுக்கா அமுக்கு" என்றார். அமுக்கினேன். சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். புத்தகத்துக்காக இல்லை. அப்பா போனதிலிருந்து இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று எனக்கு அலுத்துப்போய்விட்டது. அதையும் சொன்னேன்.

அண்ணன் கேட்டுக்கொண்டார். "படில நின்னு கைய நீட்டிக்கினு இருப்பாரு, ஆமா. எழுதியிருக்கான்" என்றார்.

"ம்."

"நான் எழுதுனத அவன் படிச்சானா?"

"இன்னும் இல்லண்ணா. உனக்கு மட்டுந்தான் புக்கு வந்துச்சு."

மேசையில் இருந்த ஒரு பிரதியை எடுத்துப் பிரித்தார். நான் செருகிய வெள்ளைத் தாள் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துகினு வா."

கொடுப்பதற்கா, அடுப்பில் போடுவதற்கா? செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 5, புதன்

மழை. அண்ணன் வீட்டுச் சமையலறைப் பக்கம், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல.

காலை முதல் நடந்தது:

கட்டை எடுத்துவந்தேன். அண்ணன் வாங்கி அப்பா படத்துக்குக் கீழே வைத்தார். உள்ளே தாள்கள் எதுவும் இல்லை. நேற்று அவர் போனதும் எல்லாவற்றையும் நானே உருவிவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

தம்பி ஊத்தங்கரையில் இருந்து ஒரு மெசேஜ், "வரேன்". சிங்காரப்பேட்டையில் ஒன்று. செங்கத்தில் ஒன்று, "ட்ராஃபிக்". அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. போன் செய்தால் பிஸி. மறுபடி செய்தால் பிஸி. யாருடன் பேசுகிறான் இந்த நேரத்தில்?

பன்னிரண்டு மணிக்கு ஐயர் வந்துவிட்டார். இலை, எள், தர்ப்பை, பிண்டம் எல்லாம் தயார். அண்ணன் குளித்து ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு மணை காலி. சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் கையில் புத்தகம். யாரோ நடுப்பக்கத்தைத் திறந்து, "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஜோடியா" என்றார்கள். என் உயிர் போய் வந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயருக்கு இன்னும் மூன்று வீடு இருக்கிறதாம். ரோட்டை அடைக்கப் போகிறார்கள் என்று அவசரம். "ஆரம்பிச்சுடலாமா? பெரியவர் நீங்க இருக்கேளே, போதும்" என்றார்.

அதே பௌர்ணமி. அதே ரோடு. அதே பஸ்.

அண்ணன், "இருங்க சாமி" என்றார்.

"நேரமாறது. ரோட்ட அடைச்சுட்டா நான் எப்படிப் போறது?"

"நான் வண்டில கொண்டுபோயி வுடறேன். செத்த இருங்க. ஆளு ஓடி வந்துகினு இருக்கான்."

ஐயர் உட்கார்ந்துவிட்டார். அண்ணி என்னைப் பார்த்தார், நான் அண்ணியை.

கொஞ்ச நேரம் பொறுத்து அண்ணன் என் பக்கம் திரும்பாமலே, "அத்தியந்தல்ல எறங்கிட்டானாம். நடந்துதான் வர்றான். ஒரு துண்டு எடுத்து வை பாப்பா, நனஞ்சிருப்பான்" என்றார்.

என்னிடம் அவன் அத்தியந்தல் என்று சொல்லவே இல்லை. அத்தனை நேரம் பிஸியாக இருந்தது அண்ணனோடுதான் போல.

துண்டு எடுத்து வைத்தாயிற்று. அண்ணி கூப்பிடுகிறார், வடை தீய்கிறதாம்.